ஃபவுண்டரி தூசியும் சிறுநீரகமும்: யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: கோவையில் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலை) 14 வருடமாக ஃபெட்லிங் வேலை (வார்ப்புகளில் ஒட்டிய மணலையும் பிசிறையும் நீக்குவது). சம்பளம் 19,000, ஈஎஸ்ஐ உண்டு. கிரியாட்டினின் 3.8, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார் டாக்டர். மணல் தூசியால் வந்தது என்றால் நிர்வாகம், "பிரஷரால் வந்தது" என்கிறது. ராஜினாமாவும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். ஈஎஸ்ஐ சந்தா நின்றால் அடுத்து வரும் உதவிக்காலத்தில் (கட்டிய சந்தாவை வைத்து உதவி தரப்படும் காலம்) நோய்க்கால உதவிக்கான தகுதியும் போய்விடும்.

ஈஎஸ்ஐ இருப்பதால் முதலாளி மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. ஈஎஸ்ஐ கழகத்திடம்தான் கேட்க வேண்டும். உங்கள் நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 91 நாளுக்கு ஊதியத்தில் 70 சதவீதமும், பின் 80 சதவீதமும் கிடைக்கும். ஆனால் அதிகபட்சம் 2 வருடம்தான். தொழில்சார் நோய் என்று நிரூபணமானால் கதையே வேறு: உழைப்புத்திறன் எவ்வளவு போனதோ, அந்த விகிதத்தில் (முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம்) ஆயுள் முழுக்கப் பணம். அந்த ஊனத்தால் வேலை போனாலும் வருடம் 120 ரூபாய் கட்டி, ஓய்வு வயது வரை கணவன் மனைவி இருவரும் சிகிச்சை பெறலாம். டயாலிசிஸ் வரை போகக்கூடிய நோய்க்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் ஈஎஸ்ஐ சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதாவது தொழில்சார் நோய்ப் பட்டியலில், இருக்கிறது. அதில் சிலிகோசிஸ் (மணல் தூசியிலுள்ள சிலிக்காவால் வரும் நுரையீரல் நோய்) உண்டு. சிலிக்காவால் வரும் சிறுநீரக நோய் தனியாக இல்லை. 2025 நவம்பரில் ஈஎஸ்ஐ சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போன பிறகும் நிலைமை இதுதான். ஆகவே வழக்கு நுரையீரலிலிருந்து தொடங்கட்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் என்றால் சி.டி. சிலிகோசிஸ் உறுதியானால், சிறுநீரகமும் அதே தூசியால்தான் கெட்டது என்று நெஃப்ராலஜிஸ்டின் (சிறுநீரக மருத்துவர்) எழுத்துமூலக் கருத்தோடு வாதிடலாம். அதற்கு ஆன்கா (ANCA, உடலையே தாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையும், எடுத்திருந்தால் சிறுநீரக பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையும் உதவும். நெஞ்சு சுத்தமாக இருந்தால் வழக்கு கடினம்தான். பித்தளை, கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) உருக்கும் இடமென்றால் ரத்தத்தில் ஈயமும் பாருங்கள். ஈயத்தால் வரும் நோய் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. 6 மாதத் தொடர் வேலை இருந்தாலே வேலையால் வந்ததென்று சட்டம் அனுமானிக்கும், மறுத்து நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு.

பல வழக்குகள் கேஸ் ஷீட்டிலேயே (ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் குறிப்பு) தோற்கின்றன. "பிரஷர், சிறுநீரகச் செயலிழப்பு" என்று மட்டும் இருந்தால் நிர்வாகத்தின் வாதத்தை டாக்டரே எழுதிக் கொடுத்த மாதிரி. "ஃபெட்லிங், மணல் தூசி, 14 வருடம்" என்று எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட்டாலும் பிரஷர் ஏறும். எனவே எது முதலில் வந்தது என்று காட்டும் பழைய பரிசோதனைச் சீட்டுகள் முக்கியம்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆலையின் தூசி அளவீட்டையும் ஆய்வறிக்கைகளையும் கேளுங்கள். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி வரம்பு இது: 10-ஐ, நுண்தூசியிலுள்ள குவார்ட்ஸ் (படிக வடிவ சிலிக்கா) சதவீதத்தோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். குவார்ட்ஸ் 18 சதவீதம் என்றால் கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராம். அதைத் தாண்டியிருந்தால் வலுவான சான்று. உங்கள் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டை நிர்வாகத்திடமே எழுத்தில் கேட்கலாம். அது உங்கள் உரிமை. பிஎஃப் கணக்கில் பணிக்கால விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

இவற்றோடு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, சிறப்பு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ஈஎஸ்ஐ நீதிமன்றம். வலி மாத்திரையாலும் சிறுநீரகம் கெடும் என்பதால், அதை வருடக்கணக்கில் சாப்பிட்டீர்களா என்று அங்கே கேட்கக்கூடும். இப்போதே உங்கள் வக்கீலிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.