வங்கக் கடலில் அஸ்தமனம் பார்க்க வருகிறவருக்கு

கேள்வி: சென்னை நண்பர்கள் மூவர் வருகிறார்கள். திங்கட்கிழமைதான் எல்லோருக்கும் தோது. கடலூரிலிருந்து பத்து மணிக்குக் காரில் கிளம்பி, பாண்டிச்சேரியில் ஆசிரமம், மணக்குள விநாயகர், மியூசியம், மாத்ரி மந்திர் பார்த்துவிட்டு, மதியம் பிரெஞ்சு சாப்பாடு, கடற்கரையில் சூரிய அஸ்தமனம், இரவு சரக்கு வாங்கிக்கொண்டு செரினிட்டி பீச், திரும்பும்போது வீட்டுக்கு நாலு பாட்டில். திட்டம் எப்படி?
(ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கடலில் அஸ்தமனமா? நம் ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது ஐயா. மாலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். கடலில் சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்தரைக்கே அங்கே நிற்க வேண்டும்.

மற்றதிலும் இடமெல்லாம் சரி, மணிதான் தப்பு. பத்துக்குக் கிளம்பினால் வண்டியை நிறுத்தி இறங்கும்போது பதினொன்றரை. ஆசிரமம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறக்கும். விநாயகருக்கும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். திறக்க 4 மணி ஆகும். மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாத்ரி மந்திர் என்கிற ஆரோவில் தியான மண்டபம் ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முன்பதிவு இல்லாதவருக்கு உள்ளே அனுமதி கிடையாது. பார்வையாளர் மையத்தில் இலவச பாஸ் வாங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்து, தூரத்தில் நின்று தங்க உருண்டையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அரை நாள் போய்விடும். அதைத் தனியாக இன்னொரு நாளுக்கு வையுங்கள், செவ்வாய் மட்டும் வேண்டாம்.

பிற்பகல் 3 மணிக்குக் கிளம்புங்கள். காரை, ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்காவது விட்டுவிடுங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒருவழித் தெருக்களில் சுற்றிச் சுற்றியே பெட்ரோல் தீரும். கோயில், ஆசிரமம் (கைக்குழந்தையோ கேமராவோ உள்ளே கொண்டுபோக முடியாது, ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்), பிறகு துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில். எல்லாம் நடக்கிற தூரம். 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களின் சாலை. 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, எதிரே கடல். பாண்டிச்சேரியில் காசில்லாமல் கிடைக்கிற நல்ல இரவு வாழ்க்கை இதுதான். நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒரு மணி நேரம் நடக்க விட்டுப் பாருங்கள்.

பாறைகளில் மட்டும் இறங்க விடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை வந்துவிடும். அந்தப் பாறைகள் அழகுக்குப் போட்டவை அல்ல. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர்க்கரை அரித்தது. அலையை ஏமாற்றக் கொட்டிய கல் அது. மணல் பக்கம் குளிப்பதும் நம்பக்கூடாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் உள்ளிழுக்கிற நீரோட்டம் இருக்கும். மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வரலாம்.

சாப்பாடு. மூன்று மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஏழு மணிக்குத்தான் மறுபடி. மெனுவில் 'வதுவான்' என்று போட்டு விலை ஏற்றியிருந்தால் மிரள வேண்டாம். உங்கள் அம்மா சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து உருட்டி மொட்டைமாடியில் காயவைக்கிற தாளிப்பு வடகம்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் அப்படி ஆனது. மீன் கேட்கும்போது தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது தட்டில் பெரிய வஞ்சிரம் வந்தால் அது ஐஸில் இருந்ததாகவோ மேற்குக் கரையிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நாட்டுப்படகில் வருகிற கிழங்கான், நெத்திலி கேளுங்கள். முழு மீனுக்கு எடை பார்த்து விலை சொல்வார்கள். பொரிப்பதற்கு முன்பே எடையையும் தொகையையும் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த செரினிட்டி பீச். அது கோட்டக்குப்பத்தில் இருக்கிறது, கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அதாவது பாண்டியில் பாட்டில் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் வடக்கே போனால் நீங்கள் தமிழ்நாட்டுக்குச் சரக்கு கடத்துகிறீர்கள். குடிக்கிறவர்கள் ஊருக்குள் பாரிலேயே உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது. காரை ஓட்டுகிறவர் தொடவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வாடகை ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்குப் பதிவானது. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும்.

வீட்டுக்கு நாலு பாட்டில்? லேபிளிலேயே புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சடித்திருப்பார்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டியதும் சின்ன கங்கணாங்குப்பத்தில் ஒரு செக்போஸ்ட், அதையும் தாண்டினால் பெண்ணையாற்றுப் பாலம் இறங்கியதும் ஆல்பேட்டையில் இன்னொன்று. மதுவிலக்கு வழக்கில் பாட்டிலோடு காரும் பறிமுதலாகும். காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வரலாமே என்று அடுத்த வாரம் எழுதாதீர்கள். பஸ்ஸிலும் ஏறிப் பையைத் திறந்து பார்ப்பார்கள்.