சனிக்கிழமை காலைகள் பற்றி, அம்மாபேட்டைச் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பிப்ரவரியில் குடும்பத்தோடு மெல்பர்னுக்குப் புறப்படுவதாகவும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் உங்கள் கணவரின் நண்பர் "சனிக்கிழமை காலை இனி உங்களுக்குச் சொந்தமில்லை, பிள்ளைகளின் மைதானத்துக்கு எழுதி வைத்துவிடுங்கள்" என்று பயமுறுத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள். எட்டு வயது மகனையும் ஆறு வயது மகளையும் விளையாட்டில் சேர்த்தே ஆக வேண்டுமா, படிப்பு கெடாதா, பந்தைத் தொட்டே அறியாத பெற்றோர் அங்கே போய் என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். நான் பொங்கலுக்காக அங்கிருந்து பிள்ளைகளோடு வந்து, சேலம் கன்னங்குறிச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகள் தெருவில் கிடப்பதால் சாவகாசமாகவே எழுத முடிகிறது.

சேர்த்தே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். சேலத்தில் பிள்ளையை விளையாட்டில் சேர்ப்பதென்றால் காந்தி ஸ்டேடியத்தில் பணம் கட்டி, வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வண்டியோடு போய் நிற்பது என்றுதான் நமக்குப் பொருள். அங்கே குடியிருப்புப் பகுதிக்கு ஒன்றாக இருக்கும் கிளப்புகளில் சம்பளம் வாங்கும் ஆட்கள் மிகக் குறைவு. பயிற்சி கொடுப்பவர் யாரோ ஒரு பையனின் அப்பா, ஸ்கோர் எழுதுபவர் இன்னொரு பெண்ணின் அம்மா, கேன்டீனில் சாசேஜ் சுட்டுக் கொடுப்பவர் வாரம் முழுக்க வங்கியில் கணக்குப் பார்ப்பவர். ஆகவே பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யும்போதே உங்கள் பெயரும் ஏதோ ஒரு வேலைப் பட்டியலில் ஏறிவிடும். பந்தைத் தொட்டறியாதவர்களுக்கும் அங்கே வேலை உண்டு, கவலைப்படாதீர்கள்.

என் கணவருக்குக் கிடைத்தது கோல் அம்பயர் வேலை. அவர்களுடைய கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து நீள்வட்டமாக இருக்கும், மைதானமும் அப்படியே. இரு முனையிலும் வலை இல்லாமல் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் ஒரு புள்ளி. ஆறு புள்ளிக்கு இரண்டு கொடிகளையும், ஒரு புள்ளிக்கு ஒரு கொடியையும் ஆட்டுவதுதான் கோல் அம்பயரின் வேலை. அதற்காக நீளமான வெள்ளைக் கோட்டு ஒன்றையும் மாட்டிவிடுவார்கள். இந்தக் கோலத்தில் அவர் நிற்பதை வீடியோ காலில் பார்த்த என் அப்பா, "மாப்பிள்ளை எப்போது டாக்டருக்குப் படித்தார்?" என்று கேட்டார். கன்னங்குறிச்சி முழுக்க அந்தச் செய்தி பரவி, இந்தப் பயணத்தில் மூட்டுவலிக்கு மருந்து கேட்டவர்களும் உண்டு.

எனக்கு வாய்த்தது இடைவேளை ஆரஞ்சு. தோலோடு நான்காக நறுக்கி டப்பாவில் கொண்டுபோக வேண்டும். கையெல்லாம் சேறான பிள்ளைகள் அப்படியே கடித்துவிட்டுத் தோலைத் திரும்பப் போடுவார்கள். ஏற்காட்டுக் கமலாவை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக ஊட்டிப் பழகிய நமக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிரிக்கெட்டில் உங்கள் மகனுக்குக் காத்திருப்பது வேறு வகை அதிர்ச்சி. மிகச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில் எல்லாரும் பந்து வீச வேண்டும், எல்லாரும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பந்துகள் மட்டையடிக்க வேண்டும். ஸ்டம்ப் பறந்தாலும் பையன் வெளியேற மாட்டான். எதிர் முனைக்குப் போய் நின்றுகொண்டு ஆட்டத்தைத் தொடர்வான். எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் நேற்று மாலை எங்கள் தெருவில், செங்கல் ஸ்டம்பில் சுத்தமாகப் பந்து பட்ட பிறகும் என் மகன் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக மறுமுனைக்கு நடந்தபோது, அவனுடைய பெரியப்பா பிள்ளைகள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து வீடுகளில் சன்னல்கள் திறந்தன. "அங்கே அப்படித்தான்" என்று அவன் வாதாட, "அப்படியானால் அங்கேயே போய் ஆடு" என்று மட்டை பிடுங்கப்பட்டது. மதில் தாண்டி அடித்தால் அவுட் என்னும் நம் தெருச் சட்டம் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. உங்கள் மகன் இதே தெருச் சட்டங்களோடு அங்கே போகப் போகிறான் என்பதால், முதல் ஆட்டத்தில் அவுட்டானவன் ஏன் போகவில்லை என்று அவன் சண்டைக்கு நிற்காதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சேலம் எங்கே இருக்கிறது என்று கிளப்பில் யாராவது கேட்டால் கிரிக்கெட் வீரர் நடராஜன் ஊர் என்று சொல்லலாம். சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில், 2020 டிசம்பரில் கான்பெராவிலும் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனிலுமாக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். கிரிக்கெட் பார்க்கிற அந்த ஊர்க்காரர்களுக்கு அவரை நினைவிருக்கிறது, பேச்சு தானே நீளும்.

படிப்பு கெடாது. வாரத்தில் ஒரு மாலை பயிற்சி, வார இறுதியில் ஓர் ஆட்டம், சிறுவர்களுக்கு அவ்வளவுதான். உண்மையான மோதல் தமிழ்ப் பள்ளியோடுதான் வரும், ஏனென்றால் அதுவும் வார இறுதியில்தான் நடக்கும். முதலில் தமிழ்ப் பள்ளியின் நேரத்தை உறுதி செய்துகொண்டு, அதற்கு இடிக்காத கிளப்பைத் தேடுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு விளையாட்டு போதும். குளிர்காலத்தில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கால்பந்தோ கூடைப்பந்து போன்ற நெட்பாலோ, கோடையில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை கிரிக்கெட்டோ என்று மாறி மாறி வரட்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டு, காருக்குள்ளேயே தயிர்சாதம் சாப்பிடும் குடும்பங்களை நான் அறிவேன். ஆறு வயது மகளிடம் பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். அந்த வயதில் பாதிப் பேர் பந்தைத் துரத்துவார்கள், மீதிப் பேர் மேலே போகும் விமானத்தைப் பார்ப்பார்கள். இரண்டு கூட்டத்தையும் அங்கே ஒன்றுபோலத்தான் கைதட்டிப் பாராட்டுகிறார்கள்.

நீச்சலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். இங்கே வயலோரம் கிணறு வைத்திருந்தவர்கள் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள், நகரத்தில் வளர்ந்த நாம் அதையும் கற்கவில்லை. அங்கேயோ கடற்கரையும், வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளமும் அன்றாட விஷயங்கள். பள்ளித் தோழனின் பிறந்தநாளுக்கு அனுப்பினால் அங்கே குளம் இருக்கும். போய் இறங்கிய மாதமே, உள்ளரங்க வெந்நீர்க் குளத்தில் இரு பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள். கடற்கரைக்குப் போனால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில் மட்டுமே இறங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பாக உங்கள் கணவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மைதான ஓரத்தில் நிற்கும்போது நம்மவர்களுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். "ஓடு, ஓடு" என்று தமிழில் கத்துவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அம்பயரை மட்டும் ஒரு சொல் கேட்டுவிடாதீர்கள். பல நேரம் அது பதினைந்து வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ இருக்கும். கிளப்புகள் இதில் மிகக் கண்டிப்பானவை. ஜெயித்தது யார் என்றும் கேட்காதீர்கள். மிகச் சிறியவர்களின் கால்பந்தில் புள்ளிகளை அதிகாரபூர்வமாக எழுதுவதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் புள்ளிக்கணக்கு துல்லியமாகத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

இங்கிருந்து பூட்ஸ் வாங்கிச் சுமக்க வேண்டாம். கால் வளர்ந்துவிடும், போன பருவத்தில் பிறர் போட்டுச் சிறிதாகிப்போனவை கிளப்பிலேயே மலிவாகக் கிடைக்கும். பல்லைக் காக்கும் மவுத்கார்டு மட்டும் புதிதாக வாங்குங்கள். வெயில் காலத்தில் தொப்பி இல்லாத பிள்ளையை ஆடவே விட மாட்டார்கள். சேலத்து வெயிலில் வளர்ந்தவன் என்று சொல்லிப் பார்த்தாலும் பயனில்லை, அங்கே வெயில் சூடு குறைவாக இருக்கும்போதுகூடத் தோலைச் சுட்டுவிடும்.

பெட்டியில் இடம் மிஞ்சினால் கடையில் பொதி போட்டு விற்கும் தட்டு வடையை வாங்கி அடுக்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் கொடுக்கும் படிவத்தில் உணவுப் பொருள் இருப்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள், எழுதாமல் போனால்தான் அபராதம். பருவம் முடியும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பதார்த்தம் கொண்டுவரும் கூடல் ஒன்று நடக்கும். காரட்டும் பீட்ரூட்டும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். துருவி, தட்டு வடையில் இரண்டு சட்னியையும் தடவி, நடுவே வைத்து, நம் ஊர்த் தட்டு வடைச் செட்டாக அடுக்கிக் கொண்டுபோங்கள். காரச் சட்னியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து உங்கள் அக்கா