அனெல்கா ஏன் எந்தக் கிளப்பிலும் நிலைக்கவில்லை?

"இவ்வளவு திறமை இருந்தும் பிரெஞ்சு முன்கள வீரர் நிக்கோலா அனெல்கா ஏன் எந்தக் கிளப்பிலும் நிலைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2010 உலகக் கோப்பைச் சர்ச்சையின் வழியாகவே நீங்கள் அவரை அறிந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் குழு குழுவாக மாறிக் கூலிக்கு முன்களத்தில் ஆடியவன். ஆகையால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2008 மே மாதத்தில், குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து செவன்ஸ் எனப்படும் எழுவர் கால்பந்து ஆடுவதற்காகக் கேரளத்தின் மலப்புறம் போயிருந்த நான், குழு எடுத்துக் கொடுத்த வாடகை அறையில் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்கோவில் மழை. செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 1–1 என நின்று பெனால்டிக்குப் போனபோது இங்கே மணி பின்னிரவு மூன்றை நெருங்கியிருந்தது. அனெல்கா 99ஆவது நிமிடத்தில்தான் ஜோ கோலுக்குப் பதிலாக இறங்கியிருந்தார். செல்சியின் ஏழாவது உதை அவருக்கு வந்தது. கோல்கீப்பர் வான் டெர் சார் தம் இடப்பக்கத்தைக் கையால் சுட்டிக்காட்டினார், அனெல்கா மறுபக்கம் அடித்தார், வான் டெர் சார் அங்கேயே பாய்ந்து தடுத்துவிட்டார். "காசுக்கு ஆடுகிறவனிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று எங்கள் குழுவின் உள்ளூர்க்காரர் ஒருவர் மலையாளத்தில் சொன்னார். அந்த அறையில் இருந்தவர்களில் நானும் இரண்டு நைஜீரியர்களும் அந்தப் பருவத்துக்கெனக் கூலி பேசி அழைத்துவரப்பட்டவர்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில், 2008–09இல், அதே அனெல்கா 19 கோல்கள் அடித்து இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார். அதை அந்த அறையில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவர் 12 கிளப்புகளுக்கும் ஏழு நாடுகளுக்கும் மாறியதில் பணத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். 1997இல் 17 வயதுப் பையனை ஏறத்தாழ 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய இங்கிலாந்துக் கிளப்பான ஆர்சனல், மறு பருவமே அவரோடு லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்று, 1999இல் 2 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேலான விலைக்கு ரியல் மாட்ரிட்டிடம் விற்றது. அந்த வரவு இருந்ததால்தான் இன்னொரு பிரெஞ்சு முன்கள வீரரான தியரி ஆன்ரியை வாங்கவும் புதிய பயிற்சித் திடலை எழுப்பவும் அதற்கு எளிதாயிற்று. போகவேண்டும் என்று அவரே அடம்பிடித்தார் என்பதும் உண்மைதான். இருந்தும், பேராசைக்காரர் என்ற பெயர் அவருக்கு மட்டுமே வந்தது.

மாட்ரிட்டில் பயிற்சிக்கு வர மறுத்து 45 நாள் இடைநீக்கம் பெற்றது அவருடைய தவறு. ஆனால் திரும்பி வந்து, 2000 மே மாதம் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தவரும் அவர்தான். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பை மாட்ரிட்டுக்குப் போயிற்று. திறமையை வீணடித்தவர் என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

2010ஐக் கொண்டு வந்து என்னை மடக்கலாம். அந்த உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் டொமனெக்குடன் மோதியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார், 18 ஆட்டங்களுக்குத் தடையும் பெற்றார். பத்திரிகை அச்சிட்ட சொற்களைத் தாம் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். 2013 டிசம்பரில் இங்கிலாந்துக் கிளப்பான வெஸ்ட் பிராம்விச்சுக்காக ஆடியபோது காட்டிய யூத வெறுப்புச் சைகையை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் கிளப் மாறியதையும் இந்தக் குற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாம் நிலையில்லாத குணம் என்று முடித்துவிடுவது சரியன்று.

எங்கள் குழு அந்தப் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கான கூலியை இன்றுவரை எனக்குத் தரவில்லை. மறு ஆண்டு வேறொரு குழுவின் சட்டையில் அதே திடலில் இறங்கியபோது, ஓரத்தில் நின்றிருந்த அதே நிர்வாகிகள் என்னை நன்றியில்லாதவன் என்று கூவினார்கள்.