டூட்டி சார்ட்டில் ஓய்வு – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் மயிலாடுதுறை பக்கம். சென்னையில் மென்பொருள் வேலை. அக்கா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தொற்றுநோய்க் காலத்தில் நர்சுகளுக்கு ஷிஃப்ட் போட ஒரு செயலி எழுதுகிறேன். நைட் டூட்டியை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் போதும் என்பது என் எண்ணம். அக்கா போதாது என்கிறாள். கேரளத்து நர்ஸ் லினி போன்ற தேவதைகளுக்கு என்னால் முடிந்த சேவை. உங்கள் கருத்து?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தத் தேவதைப் பேச்சை விடுங்கள். 2018-ல் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் லினி அந்த நோயாளியைக் கவனித்தபோது அது நிபா வைரஸ் என்றே யாருக்கும் தெரியாது. தன் டூட்டியைப் பார்த்தார், அதே நோய் தொற்றி, இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தியாகம், தேவதை என்று ஆரம்பித்தால் நாளைக்கு லீவு கேட்கிறவள் குற்றவாளி ஆகிவிடுவாள். அக்கா காதுபட இனி இப்படிப் பேசாதீர்கள்.

நைட் டூட்டியைச் சமமாகப் பிரியுங்கள், நல்லதுதான். நோய்க்கு நோய் சார்ட் மாறும் என்பதையும் அக்காவே சொல்லித் தருவார். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்ததே, அதில் டிரிப் பாட்டில் மாற்றுவதும் கைகழுவுவதும்தான் பெரிய வேலை. கோவிட் வார்டு அப்படி இல்லை.

என் பெரியம்மா மகள் நர்ஸ், அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறாள். அதனால் கொஞ்ச நாளாகவே இதே நினைப்புதான். 2021 மே மாதம் காவிரி டெல்டாவில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். ஏழு நாள் கோவிட் வார்டு, ஏழு நாள் ஓய்வு என்று சார்ட் போட்டிருந்தார்கள். வலங்கைமான் பக்கம் வீடு. பிள்ளைகளை விட்டுத் தள்ளி மாடி அறையில் படுத்திருப்பாள். மூன்றாம் நாளே போன் வரும்: "சிஸ்டர், ரெண்டு பேருக்கு பாசிட்டிவ், நாளைக்கு வந்துடுங்க." அந்த சார்ட் நோட்டை ஒருநாள் போட்டோ எடுத்து அனுப்பினாள். அவள் பெயருக்கு நேரே 'ஆஃப்' என்று எழுதி, ரப்பரால் அழித்து, நைட் டூட்டிக்கு 'N' போட்டு, மறுபடி அழித்து, அந்தக் கட்டத்தில் தாளே நைந்து ஓட்டை விழுந்திருந்தது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கவச உடைக்குள் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. ஆறு மணி நேரமே கொடுமை. அப்படி ஆறு மணி நேரமாக நாளைக்கு நாலு ஷிஃப்ட். ஒரு வார்டுக்கு ஒரு ஷிஃப்டில் நாலு பேர் என்றால் ஒரு நாளைக்குப் பதினாறு பேர். அடுத்த வாரத்துக்கு இன்னொரு பதினாறு. இவர்களில் யாராவது படுத்துவிட்டால் மாற்ற தனியாக நாலு பேர். ஆக, முப்பத்தாறு. நிர்வாகத்தின் கண்ணுக்கு அந்தப் பதினாறு மட்டும்தான் தெரிகிறது. மற்ற இருபது பேரும் சும்மா இருக்கிறார்களாம்! சும்மா இல்லை ஐயா. அசந்துபோனவள்தான் உடையைக் கழற்றும்போது கை தவறி முகத்தைத் தொடுவாள். அவளுக்குத் தொற்று வந்தால் கூட இருந்த மூன்று பேரையும் சந்தேகப்பட வேண்டும். அவர்களுக்குப் பதிலாக ஓய்விலிருந்து நாலு பேரை இழுக்க வேண்டும். அவர்களும் அசந்துபோவார்கள். மூன்றே வாரத்தில் சார்ட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். ஓய்வும் முகக்கவசம் மாதிரிதான், நோயைத் தடுக்கிற ஏற்பாடு.

அந்தக் கூடுதல் ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்பீர்கள். கிடைத்தார்களே! கோவிட் நேரத்தில் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகள் 2,000-க்கும் மேல். 2022 டிசம்பர் 31-ஓடு பணி நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உயிரைக் கொடுத்து வேலை கற்ற பிள்ளைகள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த நோய் வரும்போது கவசம் போடவும் கழற்றவும் முதலிலிருந்து யாருக்காவது சொல்லித்தர வேண்டும். அதற்கும் வார்டிலிருந்தே ஒரு நர்சைத்தான் இழுப்பார்கள்.

உங்கள் செயலியில் ஓய்வுக் கட்டங்களை முதலில் நிரப்புங்கள், டூட்டியை அப்புறம் போடுங்கள். ஓய்வில் இருப்பவரை எடுக்க வேண்டுமென்றால் எடுக்கிறவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும், அதை வார்டில் எல்லாரும் பார்க்க முடிய வேண்டும். செய்து முடித்ததும் எனக்கு அனுப்பாதீர்கள் தம்பி, அக்காவிடம் காட்டுங்கள். அவர் சொல்கிற திருத்தத்தை வாதாடாமல் செய்யுங்கள்.