மறு: கொழுப்பு மாத்திரைக்குப் பதில் மாதுளைத்தோல் பொடி போதுமா?

வணக்கம். ஸ்டென்ட் வைத்த தங்கள் தந்தையார், கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய மாதுளைத்தோல் பொடியை நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்; மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். மாதுளையில் பலன் தருவதாகச் சொல்லப்படும் எலாஜிடானின் என்ற துவர்ப்புப் பொருள் அப்படியே இரத்தத்தில் சேர்வதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதை உடல் ஏற்கக்கூடிய யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றியாக வேண்டும், அதற்குரிய பாக்டீரியாக்கள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்தது இவருக்கும் தரும் என்று சொல்வதற்கில்லை.

அவர் விடாமல் சாப்பிடும் ஆட்டுக்கறிதான் எனக்கு உறுத்துகிறது. அதிலுள்ள கார்னிட்டின் என்ற சத்திலிருந்து குடல் பாக்டீரியாக்களும் கல்லீரலும் சேர்ந்து உருவாக்கும் டிஎம்ஏஓ (TMAO) என்ற வேதிப்பொருள் இரத்தத்தில் மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுவதை அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். கறியைக் குறைத்து, மட்டை அரிசிச் (கேரளச் சிவப்பரிசி) சோற்றுடன் கொள்ளுப் பயறும் கீரையும் கொடுங்கள். மாதுளையைப் பழமாகவே தின்னட்டும். பொடி டப்பாவை அடுத்த பரிசோதனைக்குக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.