வாசகர் கேள்வி - பதில்: ஆர்டன் என்ற குடும்பப் பெயர்

ஷேக்ஸ்பியரின் தாயார் மேரி ஆர்டன், இங்கிலாந்தின் மிகப் பழைய வம்சத்தில் வந்தவராமே?
– வாசகி, கும்பகோணம்

வம்சம் பழையது, அதில் சந்தேகமில்லை. மேரி அதில் வந்தவர் என்பதற்குத்தான் ஆவணம் கிடையாது.

1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்ததும் ஆங்கிலேயப் பிரபுக்களின் நிலமெல்லாம் கைமாறியது. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலக்கணக்கில் பெரும் சொத்தோடு தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்களில் ஒருவர் வாரிக்‌ஷயரின் டர்க்கில். அங்குள்ள ஆர்டன் காட்டுப் பகுதியின் பெயரே அவர் வழியினருக்குக் குடும்பப் பெயரானது. பார்க் ஹால் மாளிகையில் இருந்த கிளைதான் பெரிய கிளை. அதன் தலைவர் எட்வர்ட் ஆர்டன், எலிசபெத் ராணியைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1583இல் தூக்கிலிடப்பட்டார்.

மேரியின் தந்தை ராபர்ட், வில்ம்கோட் கிராமத்தில் வசதியான விவசாயி. 1556இல் எழுதிய உயிலில் மேரிக்கு ஆஸ்பீஸ் என்ற நிலத்தையும் 10 மார்க் பணத்தையும் (6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ்) வைத்தார். 1599இல் ஷேக்ஸ்பியர் குடும்பம் ஆர்டன் சின்னத்தையும் தங்கள் கேடயச் சின்னத்தில் (குடும்பத்தின் பரம்பரை அடையாளம்) சேர்க்க, சின்னங்களை வழங்கும் அதிகாரிகளிடம் விண்ணப்பித்தது. வரைவுத்தாளில் முதலில் பார்க் ஹால் கிளையின் கட்டம் போட்ட பட்டைச் சின்னத்தை வரைந்தார்கள். பிறகு அதை அடித்துவிட்டு, மூன்று சிலுவைகள் கொண்ட வேறோர் ஆர்டன் சின்னத்தைப் போட்டார்கள். அதிகாரிகளுக்கே உறவு நிச்சயமில்லை என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது.

எங்கள் மருமகள் ஆங்கிலேயப் பெண். குடும்பப் பெயர் ஆர்டன். முன்னோரைத் தேட எங்கே தொடங்குவது?
– வாசகர், திருச்சி

டர்க்கிலிடமிருந்து கீழே இறங்காதீர்கள். மருமகளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்.

1837 ஜூலை முதல் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் உண்டு. திருமணச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். இரு வீட்டுத் தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். அடுத்து, 1841 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்று வருவார். ஆள் வேறென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால் போக, 1538இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள்தான். உள்நாட்டுப் போர் நடந்த 1640களில் பல ஊர்களில் பக்கங்களே இல்லை. எல்லாரும் இடறுவது தேதியில். 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் ‘1640 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. 1640 மே மாதம் மணந்தவர்களுக்கு அதே 1640 பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகப் பதிவேடு சொன்னால் திடுக்கிட வேண்டாம். கல்யாணம் முடிந்து ஒன்பதாம் மாதம் பிறந்த குழந்தைதான்.

ஆர்டெர்ன், ஹார்டன் என்ற எழுத்துகளிலும் தேடுங்கள். ஆனால் பெயர் ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள். ஆர்டன் பகுதியிலிருந்து வெளியூர் போய்க் குடியேறிய எந்த ஏழைக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம்.

‘ஆர்டன் குடும்பச் சின்னம்’ என்று படச்சட்டம் போட்டு இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– அதே வாசகர்

சுவருக்கு அழகு என்றால் வாங்குங்கள். இங்கிலாந்தில் சின்னம் குடும்பப் பெயருக்குக் கிடையாது. அதைப் பெற்ற ஆளுக்கும் அவருடைய நேர் ஆண்வழி வாரிசுகளுக்கும்தான். உரிமை உண்டா என்று சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அமைப்பில் கட்டணம் கட்டிக் கேட்கலாம். வம்சாவளியை ஆவணத்தோடு காட்ட வேண்டும்.