பாலட் என்றால் என்ன, அது எப்படித் தோன்றியது?

ஒரு கதையைப் பாட்டாகவே சொல்லிச் செல்லும் நாட்டார் வடிவமே பாலட். நடனத்தைக் குறிக்கும் பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக இப்பெயர் வந்தது. ஆனால் ஆங்கிலப் பாலட்டுகளில் மிகச் சிறந்தவை பல, இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புறத்திலும் அதற்கு வடக்கேயும் வாய்மொழியாக வளர்ந்தவை.

நான்கடிச் செய்யுளில் முதல், மூன்றாம் அடிகள் நான்கு அழுத்தங்களும் (அழுத்தி ஒலிக்கும் அசைகள்), இயைபு பெறும் மற்ற இரண்டும் மூன்று அழுத்தங்களும் கொள்வது பரவலான அமைப்பு. வடிவத்தைவிட, சொல்லாமல் விடும் துணிவே இதன் உயிர் என்பேன். 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' பாடலில், ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில் மது அருந்தியபடி அரசன், கடலுக்குச் செல்லப் பணித்து அனுப்பும் கடிதத்தின் முதல் வரியைப் படித்துச் சிரிக்கும் மாலுமி, அடுத்த வரியில் கண் கலங்குகிறான். கப்பல் மூழ்கியதையோ, நீரில் மிதக்கும் தொப்பிகளைக் கொண்டும், கையில் விசிறியுடன் கரையில் காத்திருக்கும் பெண்களைக் கொண்டுமே நாம் உணர்கிறோம். புலம்பலுக்கோ விளக்கத்துக்கோ அங்கே இடமில்லை.

16ஆம் நூற்றாண்டிலிருந்து பாலட்டுகள் ஒற்றைத் தாளில் அச்சாகித் தெருக்களில் விற்கப்பட்டன. ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பெர்சி 1765இல் வெளியிட்ட பாலட் தொகுப்பு கவிஞர்களை இவற்றின்பால் ஈர்த்தது. பின்னர், ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு பாடபேதங்களோடு தொகுத்த 305 பாலட்டுகள் 1882 முதல் 1898 வரை வெளிவந்தன. அவற்றுள் பல, குடியேறியவர்களோடு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதிக்கும் சென்று, அங்கே 20ஆம் நூற்றாண்டிலும் பாடப்பட்டன.